தொப்பியில் பூத்த உப்பு

அன்று கும்பக்கரைக்கு மேலுள்ள மாந்தோப்பை எட்டியபோது மோதிரம் என் விரலை இறுக்கிக்கொண்டிருந்தது. காலையில் கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் கிளம்பும்போது குளிரில் விரல் சுருங்கி, எங்கே கழன்று விழுந்துவிடுமோ என்று நான் இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொண்ட அதே மோதிரம், ஏழு மணி நேரம் கழித்துச் சோப்புப் போட்டாலும் அசையாது என்கிற நிலைக்கு வந்திருந்தது. தலை கனத்தது, வயிறு புரட்டியது, ஒரு மாமரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தியும் எடுத்தேன். தாகம் மட்டும் துளியும் இல்லை. வழியெல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டே வந்திருந்தேன். ஐந்து லிட்டருக்கு மேல் இருக்கும். மலையேற்றத்தில் தண்ணீர் விஷயத்தில் அலட்சியம் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லித்தரும் ஆசிரியை நான். சொன்னபடியே நடந்துகொண்டேன் என்கிற பெருமிதம்கூட அன்று மதியம்வரை இருந்தது.

கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை வருவதற்கு முன் பெரியகுளத்திலிருந்து ஆட்களும் மட்டக்குதிரைகளும் ஏறி வந்த பாதை அது. வட்டக்கானலில் தொடங்கி, நெடுங்காலம் சாலை எட்டாமலிருந்த வெள்ளகவி என்னும் சிற்றூரைக் கடந்து, கும்பக்கரை அருவிக்கு அருகே சமவெளியைத் தொடுகிறது. வனத்துறை அனுமதியோடு, வழிகாட்டியோடு இறங்க வேண்டிய பாதை. ஒரே பகலில் 1,500 மீட்டருக்கும் மேல் இறங்கும்போது, ஸ்வெட்டர் தேவைப்படும் காலையிலிருந்து நெற்றி கொதிக்கும் மதியத்துக்கு உடம்பு வந்து சேர்கிறது. குளிர் விட்டு வெயில் தொடங்கும் இடம் இதுதான் என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது.

பெரியகுளத்தில் என்னைப் பார்த்த மருத்துவர் இரத்தப் பரிசோதனைத் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சோடியம் 130 என்றிருந்தது. 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது. "டீச்சர், தண்ணி பத்தாம வந்ததில்ல இது. உப்பே இல்லாம தண்ணியக் குடிச்சதால வந்தது" என்றார். மோதிரம் இறுகியதற்கும் அவரே விளக்கம் சொன்னார். வியர்வையில் நீரும் போகிறது, சோடியமும் போகிறது. போன இடத்தில் வெறும் நீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் மிஞ்சியிருக்கும் சோடியம் நீர்த்துப்போகிறது. நெடுநேர உழைப்பின்போது சிறுநீரகமும் அந்த மிகுதி நீரை வழக்கமான வேகத்தில் வெளியேற்றுவதில்லை. அது திசுக்களுக்குள் புகுந்து விரலையும் முகத்தையும் உப்ப வைக்கிறது. மூளைக்குள் அதே வீக்கம் ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. இது அரிதான நோயும் அன்று. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானை ஓடி முடித்தவர்களில் 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, அவர்களில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்பளவை விடக் குறைந்திருந்தது. அவர்களில் பலர் ஓட்டத்தின்போது எடை குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தவர்கள், அதாவது தேவைக்கு மேல் குடித்தவர்கள்.

அதற்குப் பிறகுதான் நான் கொடைக்கானலின் குளிரைச் சந்தேகிக்கத் தொடங்கினேன். இருபது ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன். ஏரியைச் சுற்றிய ஐந்து கிலோமீட்டர் சாலையில் வாரம் நான்கு நாள் ஓடுகிறேன். எனக்கு வியர்ப்பதில்லை என்றே நம்பியிருந்தேன். வத்தலக்குண்டில் அம்மா வீட்டுக்குப் போகும்போது கால் மணி நேர நடைக்கே முதுகு நனைகிறது, இங்கே ஒரு மணி நேரம் ஓடினாலும் சட்டை காய்ந்தே இருக்கிறது என்றால் வேறென்ன நினைப்பது? ஆனால் காய்ந்த சட்டைக்குக் காரணம் வேறு. பனிக்காலத்துத் தெளிந்த காலையில் இங்கே காற்று உலர்ந்தும் மெலிந்தும் இருக்கிறது. வியர்வை துளியாகத் திரள்வதற்கு முன்பே ஆவியாகிவிடுகிறது. ஒவ்வொரு மூச்சிலும் வெளியேறும் ஈரம் வேறு. குளிரில் வாயிலிருந்து புகைபோல் கிளம்புவது உடம்பு நீர்தான். குளிர் தாகத்தை மட்டுப்படுத்துகிறது, சிறுநீரையும் கூட்டுகிறது. கண்ணுக்குத் தெரிந்த ஒரே சாட்சி என் கறுப்புத் தொப்பி. அதன் விளிம்பில் வெள்ளைக் கோடு ஒன்று வரைந்திருக்கும். தூசி என்று நான் தட்டிக்கொண்டிருந்தேன். அம்மா பார்த்துவிட்டு, "உப்புப் பூத்திருக்குடி" என்றார்.

எனவே ஒரு ஜனவரி மாதம் முழுவதும் எடை பார்த்தேன். ஓடுவதற்கு முன்பும், ஓடி வந்து துண்டால் துடைத்துக்கொண்ட பின்பும், மிகக் குறைந்த உடையில், இடையில் எதுவும் குடிக்காமல். ஏரியை இரண்டு முறை சுற்றிய நாள்களில் எடை எழுநூறு முதல் எண்ணூறு கிராம் வரை குறைந்திருந்தது. ஒரு கிலோவுக்கு ஒரு லிட்டர் என்று கொள்ளலாம். மே மாதத்தில் வத்தலக்குண்டில் அதே பத்து கிலோமீட்டருக்கு ஒன்றரைக் கிலோ போயிற்று. காய்ந்த சட்டைக்குள்ளிருந்து, நனைந்த சட்டையில் போனதில் பாதி போயிருக்கிறது. எனக்கு இது அதிர்ச்சிதான்.

போன நீரின் அளவு இவ்வாறு தெரிந்துவிடும். போன உப்பின் அளவுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒரு லிட்டர் வியர்வையில் உள்ள சோடியத்தைச் சமையல் உப்பாகக் கணக்கிட்டால் ஒரு கிராமுக்குச் சற்று மேல் தொடங்கி நாலரைக் கிராம்வரை போகிறது. தொப்பியில் உப்புப் பூப்பவர்கள் அந்த வரிசையின் மேல்பாதியைச் சேர்ந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பொட்டாசியம் அந்த அளவுக்குப் போவதில்லை, லிட்டருக்கு 150 முதல் 300 மில்லிகிராம்வரைதான். எலக்ட்ரோலைட், அதாவது உடம்பு நீரில் கரைந்திருக்கும் தாது உப்பு, என்றாலே பொட்டாசியம், மக்னீசியம் என்று புட்டியின் மேல் அடுக்கிக் காட்டும் விளம்பரங்களைப் பார்த்தால் இந்த விகிதம் நினைவுக்கு வருவதில்லை. உழைத்துக் களைத்தவர் முதன்மையாக இழப்பது அடுப்படி ஜாடியில் இருக்கும் உப்பைத்தான்.

உப்போடு சர்க்கரை எதற்கு என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில நாள் பிடித்தது. ருசிக்காக என்றே நினைத்திருந்தேன். சிறுகுடலின் சுவரில் சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் ஒரு வாயில் இருக்கிறது. ஒரு குளுக்கோசுக்கு இரண்டு சோடியம் என்னும் கணக்கில் அது இயங்குகிறது, அவற்றைத் தொடர்ந்து நீரும் உள்ளே போகிறது. இந்த இணைப்பை ராபர்ட் கிரேன் என்னும் உயிர்வேதியியலாளர் 1960இல் முன்வைத்தார். காலராவில் குடல் நீரை வெளியே கொட்டிக்கொண்டிருந்தாலும் இந்த வாயில் மூடுவதில்லை என்பதால்தான் உப்புச் சர்க்கரைக் கரைசல் உயிர்காக்கும் மருந்தாயிற்று. 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையோர போன்காவ் அகதி முகாமில் நரம்பு வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹாலனபிஸ் உப்பையும் குளுக்கோசையும் பேக்கிங் சோடாவையும் பொட்டலங்களாகக் கட்டி, டிரம்களில் கரைத்து, உறவினர்களின் கையிலேயே கொடுத்து நோயாளிகளுக்குப் புகட்டச் செய்தார். முப்பது விழுக்காட்டை ஒட்டியிருந்த சாவு நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அவர் 2022இல் காலமான பின், அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் வழங்கப்பட்டது.

உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் ஓ.ஆர்.எஸ். என்னும் அந்த உப்புச் சர்க்கரைக் கரைசலின் அளவு ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். வீட்டில் செய்யும்போது ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் என்று சொல்லித்தருகிறார்கள். பதின்மூன்றரைக் கிராம் குளுக்கோஸ் எங்கே, இருபத்தைந்து கிராம் சர்க்கரை எங்கே என்று எனக்குள் இருக்கும் கணக்கு டீச்சர் குறுக்கிட்டார். சர்க்கரையின் ஒவ்வொரு மூலக்கூறும் குடலில் ஒரு குளுக்கோசாகவும் ஒரு ஃபிரக்டோசாகவும் பிரிகிறது; அந்த வாயிலுக்கு உரியது குளுக்கோஸ் மட்டுமே; எனவே ஏறத்தாழ இரு மடங்கு எடை வேண்டியிருக்கிறது. கணக்கு நேராயிற்று.

கடையில் வாங்கினால் ஆகாதா என்று கேட்பவர்களுக்கு என் அனுபவம் ஒன்று. காகிதப் பெட்டியில் பழச்சாறுபோல் விற்ற ஒரு பானத்தை, முகப்பில் பெரிதாக ஓ.ஆர்.எஸ். என்று இருந்ததை நம்பி, ஓராண்டு வாங்கிக் குடித்தேன். பள்ளி விளையாட்டு விழாவுக்குக்கூடப் பரிந்துரைத்தேன். பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்த நாளில்தான் அதில் சர்க்கரை மருந்துக் கரைசலைப்போல் பல மடங்கு, சோடியம் அதில் சிறு பங்கு என்று தெரிந்தது. 2025 அக்டோபரில், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி அமையாத எந்தப் பானமும் அந்த மூன்றெழுத்தைத் தாங்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. மருந்துக்கடையில் கிடைக்கும் உண்மையான பொட்டலத்தைப் பற்றி எனக்குக் குறையில்லை. வயிற்றுப்போக்குக்கு அதுதான் சரி. வீட்டுக் கைப்பக்குவத்தை அங்கே காட்ட வேண்டாம், குறிப்பாகக் குழந்தைகளிடம்.

உடற்பயிற்சிக்குப் பிந்தைய பானத்துக்கு அந்த அளவு உப்புத் தேவைப்படுவதில்லை, குடிக்கவும் முடிவதில்லை. நான் பல மாதங்கள் கூட்டிக் குறைத்து நிலைத்த அளவு இது: ஒரு லிட்டர் தண்ணீருக்கு உப்பு ஒன்றரைக் கிராம், சர்க்கரை முப்பது கிராம், நடுத்தர எலுமிச்சம்பழம் ஒன்று. ஒன்றரைக் கிராம் உப்பு என்பது ஏறத்தாழ 590 மில்லிகிராம் சோடியம். தூள் உப்பாக இருந்தால் தலைதட்டிய கால் தேக்கரண்டி. தலைதட்டிய என்பதை அழுத்திச் சொல்கிறேன். எங்கள் வீட்டு இழுப்பறையில் 'தேக்கரண்டி' என்ற பெயரில் இருந்த ஐந்து கரண்டிகளையும் சிறு மின்னணுத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு கரண்டி உப்பு என்பது நான்கு கிராமிலிருந்து குவித்து எடுத்தால் ஒன்பது கிராம்வரை வந்தது. கல்லுப்பில் இடைவெளி அதிகமாதலால் கரண்டிக்குக் குறைவாக நிற்கும். தராசு இல்லாதவர்கள் தூள் உப்பையே எடுக்கவும். உப்பை முதலில் கொஞ்சம் வெந்நீரில் முழுவதும் கரைத்துவிட்டு மற்றதைச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் முதல் மிடறு சர்பத்தாகவும் கடைசி மிடறு கடலாகவும் இருக்கும். தராசு பொய் சொல்லும் நாளுக்கும் ஒரு சோதனை உண்டு: கரைசல் கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிடலாம்.

இந்துப்பு போட்டால் இன்னும் நல்லதாமே என்று ஏரிக்கரை நண்பர்கள் கேட்கிறார்கள். இந்துப்பும் நூற்றில் தொண்ணூற்றேழு பங்கு அதே சோடியம் குளோரைடுதான். நிறத்தைத் தரும் இரும்பு முதலியவை கிள்ளுக்கும் குறைவு. இரத்த அழுத்தக்காரருக்கு இந்துப்பு ஆகும் என்பதும் அதனால் தவறு. வெண்சர்க்கரைக்குப் பதில் வெல்லமோ கருப்பட்டியோ போடுவதை நான் ருசிக்காகவே செய்கிறேன். கொஞ்சம் பொட்டாசியம் கூடக் கிடைக்கிறது. எலுமிச்சை எங்கள் உயரத்தில் காய்ப்பதில்லை, கீழ்மலையிலிருந்து வருகிறது. கிடைக்காத நாள்களில் வேலியில் படர்ந்திருக்கும் தாட்பூட் பழத்தை (பேஷன் ஃப்ரூட்) வெட்டி, விதையோடு வழித்து, வடிகட்டி ஊற்றுகிறேன். அதன் மணத்துக்கு எலுமிச்சை ஈடில்லை என்பது என் கட்சி. பொட்டாசியத்துக்கு விருப்பாச்சி மலைவாழைப்பழம் இரண்டு. எந்த வாழைப்பழமானாலும் நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது, அரை மணி நேரம் வியர்த்ததற்கு அதுவே தாராளம்.

தண்ணீரைக் கொதிக்கவைத்தே எடுக்கிறேன். இங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுவதால், 2,000 மீட்டருக்கு மேல் வசிப்பவர்கள் குமிழிட்டுக் கொதிக்கத் தொடங்கிய பின் மூன்று நிமிடம் விட வேண்டும். பானத்தை வெதுவெதுப்பாகவே குடிக்கிறேன். ஆறு டிகிரி காலையில் குளிர்ந்த நீரை ஒரு லிட்டர் குடிக்கச் சொன்னால் யார் குடிப்பார்கள்? எலுமிச்சையைக் கொதிநீரில் பிழிந்தால் கசக்கும், கை பொறுக்கும் சூடு வந்த பிறகு பிழியலாம். செம்புக் குப்பியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். புளிப்பும் உப்பும் செம்பைக் கரைக்கும். எவர்சில்வர் போதும். மலையில் சிறு பிளாஸ்டிக் தண்ணீர்க் குப்பிகளுக்குத் தடை இருப்பதால் எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. குளிர்தானே, நாளைக்கும் ஆகும் என்று வைத்துக்கொள்ளும் ஆசை எனக்கும் உண்டு; ஆனாலும் ஒரு நாளுக்கு மேல் வைப்பதில்லை.

எவ்வளவு குடிப்பது என்பதற்குத் தராசே விடை சொல்கிறது. குறைந்த எடையைப் போல ஒன்றே கால் முதல் ஒன்றரை மடங்கு. எண்ணூறு கிராம் குறைந்திருந்தால் ஒரு லிட்டரோ சற்று மேலோ. குடித்ததில் ஒரு பங்கு சிறுநீராகப் போய்விடும் என்பதற்காகவே அந்தக் கூடுதல். ஒரே மூச்சில் குடிக்காமல், காலை உணவோடு சேர்த்து இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிக்கிறேன்.

இளநீரைப் பற்றிச் சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். அதில் பொட்டாசியம் மிக அதிகம், லிட்டருக்கு இரண்டு கிராமை ஒட்டி வரும். சோடியமோ அதில் சிறு பங்கு. வியர்வையின் விகிதத்தைத் தலைகீழாக்கினால் அதுதான் இளநீர். கிள்ளு உப்புப் போட்டால் நல்ல பானமாகிறது. கீழிருந்து லாரியில் ஏறி வருவதால் எங்கள் ஊரில் விலையும் ஏறியே வருகிறது. மோர் எனக்கு அதைவிட நெருக்கம். 2016இல் வெளியான ஓர் ஆய்வில் பதின்மூன்று பானங்களை ஒப்பிட்டபோது, குடித்த நீரை உடம்பில் நெடுநேரம் நிறுத்தியவற்றில் பாலும் ஓ.ஆர்.எஸ்ஸும் முன்னணியில் இருந்தன, வெறுந்தண்ணீர் பின்தங்கியது. பாலிலுள்ள புரதம் வயிற்றிலிருந்து நீர் இறங்குவதை நிதானப்படுத்துகிறது, தாது உப்புகள் அந்த நீரை உடம்பில் நிறுத்த உதவுகின்றன. பாதி தயிர், பாதி தண்ணீர், அளந்த உப்பு, தட்டிய இஞ்சி என்று மதியத்துக்கு மேல் மோருக்கு மாறிவிடுகிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு இதையும் சொல்லிவிட வேண்டும்: ஏரியை ஒரு சுற்று நடந்துவிட்டுக் கடையில் நின்று வண்ணப் பொடியைக் கலக்கிக் குடிப்பவர்களுக்கு இவற்றில் எதுவுமே வேண்டியதில்லை. ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த நடைக்குத் தண்ணீரும், பிறகு சாப்பிடும் இட்லி சாம்பாரும் போதும். சாம்பாரில் இருக்கும் உப்பே இழந்ததைவிடக் கூடுதல். இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தக் கரைசலைத் தொட வேண்டாம். என் மாமனார் கேட்டபோது வெந்நீர்தான் கொடுத்தேன். இரண்டு நாள் பேசவில்லை. கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதெல்லாம் உப்புக் குறைவால்தான் என்று நம்பிக் குடிப்பதும் வேண்டாம். பழகாத இறக்கத்தில் தசை களைத்தாலே பிடிக்கும்.

சென்ற பிப்ரவரியில் அதே பாதையில் மீண்டும் இறங்கினேன். இரண்டு லிட்டர் கரைசல், இரண்டு லிட்டர் தண்ணீர், தாகம் எடுத்தால் மட்டும் குடிப்பது என்று தீர்மானம். வெள்ளகவிக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நுழைந்தபோது, முதல் முறை எனக்குத் தண்ணீர் நிரப்பித் தந்த அக்கா திண்ணையில் இருந்தார். "அன்னைக்கே நீராகாரம் தாரேன்னேன், தண்ணி போதும்னீங்க" என்று நினைவுபடுத்தினார். உண்மைதான், பழைய சோற்று நீரை வேண்டாம் என்று சொன்னதை வசதியாக மறந்திருந்தேன். அரிசிக் கஞ்சியில் சர்க்கரை இல்லையே என்று எண்ண வேண்டியதில்லை. அரிசியின் மாவுச்சத்து குடலில் சிறிது சிறிதாகக் குளுக்கோசாகப் பிரிந்து அதே வாயிலைத்தான் தட்டுகிறது. லிட்டருக்கு ஐம்பது கிராம் அரிசி மாவும் உப்பும் சேர்த்துக் காய்ச்சிய கரைசல் காலராவுக்கே பயன்பட்டிருக்கிறது.

அவர் என் குப்பியிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனித் தண்ணி" என்று முடித்துக்கொண்டார். பிறகு ஒரு லிட்டர் கொள்ளும் சொம்பில் நீராகாரத்தைக் கரைத்து, உப்பை மூன்று விரலால் அள்ளினார். நான் பையிலிருந்து தராசை எடுத்து நீட்டி, அதில் போடச் சொன்னேன். திண்ணையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். மூன்று கிராம் காட்டியது. என் அளவைப்போல் இரண்டு மடங்கு. அவரோ மதியம்வரை காப்பிச் செடிகளுக்கிடையே களையெடுத்துவிட்டு, அதற்கு மேல் விறகும் சுமந்து வந்தவர். மோதிரம் விரலில் தளர்வாகவே சுழன்றது. என் பங்குக்கு வந்த நீராகாரத்தில் நான் அதே அளவு தண்ணீர் ஊற்றிக்கொண்டேன், அவர் ஊற்றிக்கொள்ளவில்லை.